ஓதுவார் வீட்டு முட்டை

வைக்கோல் புகையும் அவித்த முட்டையும் கலந்து வருகிற வாடை எனக்கு இன்றைக்கும் விடியற்காலையின் வாடைதான். மற்றவர்களுக்கு விடியல் என்றால் காப்பி மணமோ சாணம் தெளித்த வாசலின் மணமோ நினைவுக்கு வரலாம். எனக்கு வருவது, முட்டையை முட்டை என்று சொல்லக்கூடக் கூசி "அது" என்று சொல்லிப் பழகிய ஒரு சுத்த சைவ வீட்டின் கொல்லையிலிருந்து, வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு என் பாய் வரைக்கும் வந்த அந்த வாடை. அது எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பூனைக்குட்டி.

திருப்பனந்தாளிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் எங்கள் ஊர். அப்பா அங்கே சிவன் கோயில் ஓதுவார்; காலையும் மாலையும் சந்நிதியில் நின்று பதிகம் பாடுவது அவர் வேலை. சம்பளம் பெயருக்குத்தான், அதுவும் வருகிறபோது வரும். உச்சிகாலம் முடிந்ததும் அவர் பங்குக்குக் கிடைக்கிற கோயில் சாதம்தான் எங்கள் வீட்டு அரிசிப் பானையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் சாதத் தூக்கோடு, ஈரத் துண்டில் சுற்றிய ஒரு பூனைக்குட்டியையும் கொண்டுவந்தார். மடைப்பள்ளி அடுப்பில் சூடு ஆறாத சாம்பலின்மேல் படுத்துக் கத்திக்கொண்டிருந்ததாம், தாயைக் காணோமாம். காய்ந்த சம்பா நெல்லின் நிறமாக இருந்ததால் "சம்பா" என்றே பெயர் வைத்தேன்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஏங்க, நம்ம பொழப்பே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்கு. இதுக்கு என்னத்தப் போடறது?"

"கோயில்ல கெடைச்சது. கோயில் சாதமே போதும் அதுக்கு. நம்மள மாதிரி சைவமா வளந்துட்டுப் போவுது" என்றார் அப்பா.

எங்கள் ஆட்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு இது. சைவ வீட்டில் வளர்ந்தால் நாயும் சைவம், கிளியும் சைவம், பூனையும் சைவம் என்று எங்கள் தெருவே நம்பியது. ஆகவே சம்பாவுக்குத் தயிர்சாதம் கிடைத்தது, மார்கழி பிறந்ததும் வெண்பொங்கல் கிடைத்தது, எங்கள் காப்பியில் பாதியைத் தியாகம் செய்து தண்ணீர் கலந்த பாலும் கிடைத்தது. பசிக்கு எதையும் நக்கும் என்பதால் அதுவும் நக்கியது. நாங்கள் அதை மெச்சிக்கொண்டோம். பள்ளிக்கூடம் போகும் வழியில் மளிகைக்கடை வைத்திருந்த மாரியப்பண்ணன் மட்டும் அப்பாவைப் பார்க்கிறபோதெல்லாம், "என்ன ஓதுவாரய்யா, நெசமாவே ருத்ராட்சப் பூனை வளக்குறீங்களாமே!" என்று சீண்டுவார். வெளியே பக்தியும் உள்ளே வேறொன்றுமாக இருக்கிறவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கழுத்தில் உண்மையாகவே ருத்ராட்சம் போட்டிருந்த அப்பாவுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும், சிரிக்காமல் போய்விடுவார்.

மார்கழி பாதியில் சம்பா படுத்துவிட்டது. வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தது. முதுகெலும்பை விரலால் எண்ணிவிடலாம். நிற்காத பேதி. பின்னங்கால்கள் நடக்கும்போது பின்னிக்கொண்டன. எனக்கு அப்போது நான்காம் வகுப்பு வயது. அது செத்துவிடும் என்பது மற்றவர்கள் சொல்லாமலே புரிந்துவிட்டது. அழுது அடம்பிடித்ததில், அப்பா அதை மஞ்சள் பைக்குள் வைத்து சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போனார்.

அங்கே மாடுகளுக்கு நடுவே நின்றிருந்த டாக்டரம்மா பூனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சாப்பிட என்னங்கய்யா குடுக்குறீங்க?" என்று கேட்டார். அப்பா கொஞ்சம் பெருமையாகவே தயிர்சாதம், பொங்கல், பால் என்று சொன்னார். டாக்டரம்மா அப்பாவின் நெற்றித் திருநீற்றையும் கழுத்தையும் ஒருமுறை பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தயங்கியது எனக்கே தெரிந்தது.

"கோவிச்சுக்காதீங்க. இது கறி மீன் தின்னு வளர்ற ஜீவன். பால்தான் பேதிக்குக் காரணம், அத மொதல்ல நிறுத்துங்க, நல்ல தண்ணி வைங்க. பூச்சி மருந்து தர்றேன். தெனம் ஒரு முட்டைய அவிச்சு மசிச்சு, ரெண்டு மூணு வேளையாப் பிரிச்சுக் குடுங்க. மீன் கெடைச்சா வேகவச்சு முள்ளெடுத்துப் போடுங்க. உப்பு கூடாது, கருவாடு கூடாது. சோறு ஒரு கை போதும். இப்பிடியே விட்டா, வயிறு ரொம்பச் சாப்பிட்டுக்கிட்டே பட்டினியில செத்துப்போயிடும்."

திரும்பி வந்ததும் அப்பா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "நம்ம அடுப்புல அது ஏறாதும்மா" என்று மட்டும் சொன்னார். அதட்டிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கெஞ்சுகிற குரலில் சொன்னதுதான் என்னை மடக்கிவிட்டது.

ஆனால் முட்டைக்கு எனக்கு வேறு வழி இருந்தது. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் எல்லோருக்கும் முட்டை, முட்டை சாப்பிடாத எனக்கு மட்டும் வாழைப்பழம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் செல்வி வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருக்காரி; வாழைப்பழம் என்றால் அவளுக்கு உயிர். விஷயத்தைச் சொன்னதும், "பாதி முட்டை ஒனக்கு, பழம் பூரா எனக்கு" என்று பேரத்தை முடித்துவிட்டாள். பாதி முட்டையை நோட்டுத் தாளில் பொதிந்து, பாவாடைச் செருகலில் வைத்துக்கொண்டு வந்து, வைக்கோல் போருக்குப் பின்னால் சம்பாவுக்கு ஊட்டுவேன். முதல் நாள் அது முகர்ந்து பார்த்த வேகத்தையும், விரலோடு சேர்த்துக் கவ்விய ஆத்திரத்தையும் பார்த்தபோது, இத்தனை நாளும் அது எங்களுக்காகத்தான் தயிர்சாதம் தின்றிருக்கிறது என்று தோன்றியது. பாலை நிறுத்தியதில் பேதியும் நின்றது. கால்கள் நேராயின. ஒருநாள் என் பாவாடை நுனியைத் துரத்திக்கொண்டு ஓடக்கூட ஓடியது.

அந்த ஓட்டம்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு சாயங்காலம் சம்பா துள்ளிக்கொண்டே போய்க் கோயிலுக்குக் கிளம்பிய அப்பாவின் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. மீசையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுநாளே பூனையைக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் விட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

"எங்கேருந்து?" என்றார். உள்ளதைச் சொன்னேன். "அந்தப் பொண்ணு தட்டுல இருக்கறது அந்தப் பொண்ணுக்கும்மா. இனிமே வாங்காத" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் அவர் பாடினது ஒலிபெருக்கியில் வீடு வரைக்கும் கேட்டது. நான் சம்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில்தான் அந்த வாடை வந்தது. எழுந்து கொல்லைக்கு ஓடினேன். வேப்பமரத்தடியில் மூன்று செங்கல் கூட்டி, புது மண்சட்டி ஏற்றி, அப்பா குந்தி உட்கார்ந்து வைக்கோலைத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில், படையலுக்குக் காத்திருப்பதுபோல சம்பா. முட்டையைத் தொட வேண்டியிருக்கிறதே என்று மூக்கைச் சுளித்தபடி இரண்டு விரலால் அவர் ஓடு உரித்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, குற்றம் செய்தவர்போல, "நான் இன்னும் குளிக்கலம்மா" என்றார். தீட்டான காரியத்தை எல்லாம் குளிப்பதற்கு முன்னால் முடித்துவிட்டால் சாமிக்குக் குறையில்லை என்பது அவர் கண்டுபிடித்த வழி.

அம்மா கொல்லைப்படியில் வந்து நின்றாள். "ஏங்க, இதென்ன புதுசா?"

"சைவமெல்லாம் நமக்குத்தான். அதுக்கு யாரு தீட்சை குடுத்தா?" என்றார் அப்பா.

எனக்கு வந்த நிம்மதியில் சம்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பூனை பிழைத்துவிட்டது என்பதோடு, அப்பாவிடம் மறைக்க இனி எதுவும் இல்லை என்பதும் அதில் சேர்ந்திருந்தது. அம்மாவுக்கும் நிம்மதிதான், பால் மறுபடி காப்பிக்கே வந்துவிட்டதல்லவா? அப்பா வெற்றிலை சீவலைக் குறைத்துக்கொண்டு, முட்டையை யார் மூலமும் வாங்காமல், திருநீறும் ருத்ராட்சமுமாக மாரியப்பண்ணன் கடையில் நாலு பேர் முன்னால் தானே கேட்டு வாங்கினார். அண்ணன் விடுவாரா? "அப்ப ருத்ராட்சப் பூனை வேசத்தக் கலைச்சிருச்சா?" என்றார். "பூனை பூனையாத்தாங்க இருந்துச்சு. ருத்ராட்சத்த நான்தான் மாட்டிவிட்டேன்" என்று சொல்லி அப்பாவும் சிரித்தாராம். அறுவடைக்கு முன் வயலில் தண்ணீர் வடிந்தபோது செல்வி வாய்க்காலில் பிடித்த கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள்; அதே சட்டியில் உப்பில்லாமல் வெந்தன. சம்பா குதிரைவால் போல வால் வைத்துக்கொண்டு, எங்கள் தெருவிலேயே கொழுத்த பூனையாக, வயதாகிப் பல் விழும் வரைக்கும் வாழ்ந்தது.

அந்த வீடு இப்போது தளம் போட்ட வீடு. கொல்லையில் சிமெண்டு பூசிவிட்டார்கள், வேப்பமரம் இல்லை, சட்டி எப்போது உடைந்தது என்று தெரியவில்லை. நான் தஞ்சாவூரில், அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். போன மாதம் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு குட்டியைக் கண்டெடுத்தேன். பூனைத் தீனி விற்கிற விலையில் அதற்கும் முட்டைதான். அந்த நேரம் பார்த்து, கோயில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா என்னோடு தங்க வந்தார். இன்றைக்கும் அவர் வெங்காயம்கூடப் பார்த்துச் சாப்பிடுகிறவர். எங்கள் சமையலறையிலோ ஒரே ஓர் அடுப்பு. அவர் இருக்கும் வரை என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. அப்பா ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், குட்டி அவர் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவசரமாகக் கேட்டார்.

"இதுக்குன்னு தனியா ஒரு சட்டி இருக்காம்மா? சீக்கிரம் எடு, நான் இன்னும் குளிக்கல."