வலி வருமுன் எடுத்த ரத்தம்

ரத்தம் எடுக்கிற வேலையில் எங்களுக்குப் பெரும்பாலும் மனிதர்களின் கன்னம்தான் தெரியும். ஊசியைக் கண்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வீர்களே, நீங்களும் அப்படித்தானே? நான் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறேன். கணையப் புற்றுநோயை வலி வருமுன்பே ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்று அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. கட்டியிலிருந்து உதிரும் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் மிதந்து வருமாம். குடும்பத்தில் இந்த நோய் வந்தவர்களாகப் பார்த்து, அதைத் தேடுகிறார்கள்.

பனிக்குள் பாலம்

ஸ்ரீரங்கத்து வரதராஜன் சார் ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார். அப்பாவையும் தம்பியையும் இதே நோய்க்குக் கொடுத்தவர். மார்கழி விடியலில் காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரில் போனேன். ஆறும் வானமும் ஒரே வெள்ளை. கோபுரம் மட்டும் எதன் மேலும் நிற்காமல் மிதந்தது. அந்த மயக்கம் தெளியாமலே அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ரத்தம் எடுத்தேன். குழாயில் அது ஏறுவதை அவர் கண் எடுக்காமல் பார்த்தார்.

“அப்பாவுக்கு மஞ்சக்காமாலைன்னு நினைச்சு கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்துண்டே இருந்தோம்மா. என்னன்னு தெரிஞ்சப்போ, பெருமாளை வேண்டிக்க மட்டுந்தான் நேரம் இருந்தது.”

முசிறி பஸ்

செல்வராஜ் முசிறியில் வாழை போடுகிறவர். அம்மா இந்த நோயில்தான் போனார். இவருக்குத் திடீரென்று சர்க்கரை வந்ததும், அதுவும் கணையக் கோளாறுதானே என்று உறையூரில் வாக்கப்பட்ட தங்கை கனகா பயந்துபோய் அவரைப் பஸ் ஏற்றி வரவைத்தாள். தன் கையையும் நீட்டினாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்வராஜ் கேட்டார்.

“நல்லா இருக்கறவன்கிட்ட ரத்தம் வாங்கி நோயைத் தேடுறீங்க. கிடைக்கலைன்னா திருப்பிக் குடுத்துருவீங்களா?”

வலிக்காத கட்டி

கனகாவின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. செல்வராஜின் ரத்தத்தில் சந்தேகம் தட்டியது. ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்று டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கணையத்தின் வால் பக்கம் ஒரு சின்னக் கட்டி, வேறெங்கும் பரவவில்லை. ஆபரேஷன் செய்யலாம் என்றார். செல்வராஜ் மாட்டேன் என்றுவிட்டார்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி, “வலிச்சா நம்பலாம். வலிக்காததை எப்படி நம்புறது?” என்றார். கனகா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை.

“அம்மாவுக்கு வலிச்சுதுண்ணே. நம்பினோம். என்ன ஆச்சு?”

பஞ்சாங்கம்

வரதராஜன் சாருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. இல்லை என்றால் இனி வரவே வராது என்று அர்த்தமில்லை, சிலருக்கு இந்த டெஸ்டில் தப்பியும் போகலாம், அடுத்த வருஷமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் போனில் சொன்னார். சார் தன் வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ரிப்போர்ட் கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன்.

“அப்போ புதுப் பஞ்சாங்கம் வாங்கலாங்கறேள்!”

தண்ணீர்ச் சத்தம்

செல்வராஜ் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டார். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அப்புறம் மருந்து, வாந்தி, கொட்டிய முடி. மறுபடி ரத்தம் கொடுக்க வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. ரிசல்ட் கேட்க வந்த அன்று கனகா வெளியே இருந்தாள். இப்போதைக்கு ரத்தத்தில் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. என்னிடம் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

“மயக்கம் குடுத்தப்போ வாழைக்குள்ள தண்ணி பாயுற சத்தம் கேட்டுச்சுங்க. இப்பவும் சில நேரம் கேக்குது, மோட்டார் போடாமலே.”

இருக்கிறதா என்று வருந்தி வருந்தித் தேடிவிட்டு, இல்லை என்றால் வீடு வரைக்கும் சந்தோஷமாகப் போகிற வேலை, எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான்.