அதிகாரி வந்தபோது எழுந்து நின்றேன்

கினிகத்தேனைக் கடைவீதியில் என் இடது செருப்பு கழன்று போனது எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த பெண் எடுத்து நீட்டியபோதுதான் காலைப் பார்த்தேன். ஏதோ சொல்ல நினைத்தேன். வாய் கோணிக்கொண்டது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டு உடம்பில் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் டாக்டர். உயிர் தப்பியது. இடது பக்கம் யாருடையதோ போலக் கிடந்தது.

மகள் செல்வி கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளுடைய மருத்துவக் காப்புறுதியில் என் பெயரும் இருந்ததால், கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தங்கி இயன் மருத்துவம் (பயிற்சியால் கைகால்களை மீட்பது) செய்ய முடிந்தது. ஆனால் நோயாளி தானாக எழுந்து நிற்கும் வரைதான் காப்புறுதி செலவை ஏற்கும். அந்த விதி எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காப்புறுதி அதிகாரி வார்டுக்கு வந்தார். சப்பாத்தும் கழுத்துப்பட்டியுமாக இருந்தார். நான் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவள். துரை (தோட்ட அதிகாரி) வந்தால் நாங்கள் உட்கார்ந்திருப்பதில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து எப்படியோ எழுந்துவிட்டேன். எப்படி இருக்கிறீர்கள் என்றார். நல்லா இருக்கேங்க ஐயா என்றேன். அவர் போனதும் கட்டிலில் சாய்ந்து விழுந்தேன்.

மறுநாளே, இனிச் செலவை ஏற்க முடியாது என்று செய்தி வந்தது.

“ஏம்மா எந்திரிச்ச? பெரிய தொரைன்னு நெனைச்சிட்டியா?” செல்விக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் விடவில்லை. மறுபடி வந்து பார்க்கும்படி காப்புறுதிக்காரர்களோடு சண்டை பிடித்தாள். அந்த வாரமே அதே அதிகாரி வந்தார்.

என் முழங்கால்கள் எழத் துடித்தன. நான் எழவில்லை. தலை குனிந்தபடிதான் பேசினேன், ஆனால் உட்கார்ந்தே பேசினேன்.

“அன்னைக்கு நின்னது மரியாதைக்குங்க. கால் நல்லாகி இல்ல. எங்க லயத்து வீட்டுக்குப் போக ஏத்தம், கல்லுப்படி. அதுல ஏறுற அளவுக்கு வராம என்னைய அனுப்பாதீங்க.”

“விதின்னு ஒண்ணு இருக்கேம்மா.”

“படியும் இருக்குங்க.”

ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு என்னைக் கூட்டிப்போகச் சொன்னார். முதல் படியிலேயே இடது கால் தட்டியது. பயிற்சி கொடுக்கும் மிஸ் தாங்கிக்கொண்டார். அதிகாரி அதைத் தன் தாளில் குறித்துக்கொண்டார். படி ஏறப் பழகும் வரை காப்புறுதிச் செலவிலேயே என்னை அங்கே வைத்திருந்தார்கள்.

என்னைப் போலக் கிடக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கேட்கிறவர் யாராக இருந்தாலும், முடியாததை முடியாது என்றே சொல்லுங்கள்.

காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) ஓடியே பழகிய உடம்பு இது. இப்போது கல்லுப்படியில் வலது கால் முதலில் ஏறுகிறது. இடது கால் வந்து சேரும் வரை நிற்கிறேன். பின்னால் யார் வந்தாலும் நிற்கட்டும்.