கால் ஊன்றாத மருமகள்

தண்ணீரில் விழுந்தால் காலை ஊன்றக் கூடாது என்று சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லித்தர ஒருவன் இருக்கிறான். போன மாதம்தான் பார்த்தேன்.

மலை ஆற்றில் சுற்றுலாக்காரர்களை ரப்பர் படகில் ஏற்றிக் குலுக்கும் கம்பெனிக்கு ஆள் எடுக்க வந்தவன் அவன். எங்கள் பழவேற்காட்டில் மலை ஏது, பாறை ஏது? ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது முகத்துவாரத்தில் அலையோடு முட்டி நுரைக்கும். அதையே மலை ஆறு என்று வைத்துக்கொண்டு பழக்கினான்.

என் மருமகளுக்கு அந்த வேலை மேல் உயிர். துடுப்புப் போடுவதில் குறையில்லை. படகைக் கவிழ்த்தால் மட்டும் பட்டென்று எழுந்து நின்றுவிடுவாள். நிற்காமல் என்ன செய்வாள்? பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, காலால் சேற்றைத் தடவி, கையால் இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். தண்ணீர் பட்டதும் கால் தானாகத் தரை தேடும்.

"ஆத்துல நின்னா பாறை இடுக்குல கால் மாட்டிக்கும்மா. மல்லாந்து படு, காலைத் தூக்கு. இன்னொரு வாட்டி நின்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்றான் அவன்.

அந்தக் கடைசி வாட்டிக்குப் படகில் கனத்துக்கு ஆள் வேண்டுமாம். என்னை ஏற்றினார்கள். லைஃப் ஜாக்கெட்டை இறுக்கியதில் மூச்சு முட்டியது.

"இன்னாடி, மாமியாரைத் தண்ணில தள்ளணும்னா கையால தள்ளேன். இதுக்கு ஒரு படகா?"

"சும்மா குந்து அத்த. இந்த வேல போச்சுன்னா, ஆயுசுக்கும் உன்கூடதான் ஏரிக்கு வருவேன். பரவால்லயா?"

படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குந்தினேன்.

நுரைக்குள் போனதும் அவனே படகைக் கவிழ்த்தான். நீர் இழுத்ததில் எனக்குக் கால் தரிக்கவில்லை. வாயெல்லாம் உப்பு.

"ஏய், என்னப் புடிடி!"

மகராசி மல்லாந்து, இரண்டு பாதத்தையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு மிதந்து வந்தாள். "நீயும் காலைத் தூக்கு அத்த!" என்று கத்தியபடியே துடுப்பை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். அப்போதும் அவள் நிற்கவில்லை. நீர் இழுத்த இழுப்பில் அவளும், அவள் பின்னால் நானும் மணல்திட்டில் போய் ஒதுங்கினோம்.

"அத்த, நான் நின்னேனா? சொல்லேன், நின்னேனா?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"எனக்கு இன்னாடி தெரியும்? நான் செத்துகினு இருந்தேன்."

"நிக்கல" என்றான் பின்னால் வந்தவன். "திங்கக்கெழம பஸ் ஏறும்மா."

அவள் அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"கொஞ்சுறது அப்பறம்டி. மொதல்ல இந்த ஜாக்கெட்ட அவுத்து வுடு."