கோட்டை வாசலில் நின்ற லோடு ஆட்டோ

மழை பெய்தால் எங்கள் ஊர்க் கோட்டை வாசலிலிருந்து வௌவால் எச்சமும் நனைந்த செங்கலும் கலந்த ஒரு நெடி தெருமுனை வரைக்கும் வரும். திருச்சுழிப் பக்கம் எந்தக் காலத்திலோ ஒரு பாளையக்காரர் கட்டிய கோட்டையில் மிஞ்சியிருந்தவை இரண்டு கல்தூண்களும், அவற்றின்மேல் விரிசல் விட்ட செங்கல் வளைவும்தான். ஊரைவிட்டு வெளியேற அதுதான் நேர்வழி; ஆனால் எங்கள் தெருக்காரர்கள் அதன் வழியே நடந்து போகலாமே தவிர வண்டியேறிப் போகக்கூடாது, கண்மாய்க்கரைச் "சுத்துப்பாதை"யில்தான் போகவேண்டும் என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஓர் ஐப்பசியில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து அந்தச் சுத்துப்பாதையை அறுத்துவிட்டது. மறுநாள் காலையில், குறித்த நாளுக்கு முன்பே அம்மாவுக்கு வலி கண்டது. அப்பா ஓடிப்போய் ஊருக்குள் நின்ற ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து வந்தார். பின்னால் சாக்கு விரித்து அம்மாவைப் படுக்கவைத்து, நானும் அத்தையும் இருபுறமும் பிடித்துக்கொண்டு வாசலை நெருங்கியபோது, ஊரிலேயே நிலம் அதிகமுள்ள பெரியவர் நான்கைந்து ஆட்களோடு நடுவில் நின்றார். வளைவு ஊறிப்போயிருக்கிறது, வண்டி அதிர்ந்தால் விழுந்துவிடும், சுற்றிப் போங்கள் என்றார். சற்றுமுன் அவர் வீட்டு டிராக்டர் அதன் வழியாகப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். பாதை அறுந்து கிடப்பதை அப்பா கைகூப்பிச் சொன்னார். பெரியவர் அசையவில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். அந்த அமைதியில் அம்மா பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது.

அத்தை தடுக்கத் தடுக்க அம்மா இறங்கினாள். தூணைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வழிய விடுங்க. இல்லேன்னா இங்கனயே பெத்துக்கிறேன், நின்னு பாருங்க."

அவரோடு நின்றவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினார், பிறகு இன்னொருவர். கடைசியில் தனியாகிப்போன பெரியவர், வளைவைச் சோதிப்பவர்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டே நகர்ந்தார். அம்மாவைத் தூக்கி ஏற்றினோம். வண்டி வளைவுக்கடியில் நுழைந்ததும் காரைப்பொடி எங்கள் தலையில் உதிர்ந்தது; அத்தை குனிந்து அம்மாவின் வயிற்றை மறைத்துக்கொண்டாள். வளைவு விழவில்லை. திருச்சுழி ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான்.

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் தெருவில் ஒருவரையும் வயக்காட்டு வேலைக்குக் கூப்பிடவில்லை. அப்பா அருப்புக்கோட்டை மில்லுக்குப் போக ஆரம்பித்தார். ஆனாலும் எங்கள் தெரு வண்டிகள் வாசல் வழியாகவே போயின.

இப்போது வளைவு இல்லை. அன்று மறித்து நின்றவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. தூண்கள் மட்டும் நிற்கின்றன. ரோட்டை அகலப்படுத்த அவற்றையும் எடுத்துவிடலாம் என்று போன மாதம் பேச்சு வந்தபோது, இடித்துத் தள்ளட்டும் என்று தம்பி கோபமாகச் சொன்னான்.

"கல்லு என்னலே செஞ்சுச்சு? நிக்கட்டும்" என்றாள் அம்மா.