இந்த முறை மடக்கு போன் எனக்கு

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரர் புதுக்கோட்டையில் ஒரு செல்போன் கடையில் நின்றுகொண்டு, பளபளவென்று இருந்த மடக்கு போன் ஒன்றைத் திறந்து, அதன் திரையில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டார். பிஞ்சா, முற்றலா என்று பார்த்தாராம்!

சிரிக்காதீர்கள். அந்த நிமிடத்தில் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் அந்த நகம் மட்டும் படாமல் இருந்திருந்தால்… சரி, முதலில் இருந்து வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரும் உட்கார்ந்து போட்டதில்லை, தானாக அமலுக்கு வந்தது. புதுப் போன் அவருக்கு. அவருடைய பழைய போன் எனக்கு. இப்படி நான்கு போன்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. முதலாவதில் சத்தத்தைக் கூட்டும் பட்டன் கிடையாது, அந்த இடத்தில் ஒரு ஓட்டைதான். இரண்டாவதில் மூலைக்கு மூலை விரிசல். மூன்றாவது பூச்சிமருந்து வாடை. அவர் உரக்கடை வைத்திருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியுமே! காதில் வைத்துப் பேசினால் தலை சுற்றும். நான்காவது, மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் சார்ஜ் இறங்கி கண்ணை மூடிவிடும்.

'நீதான் சம்பளம் வாங்குகிறாயே, ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன், இந்த ஒரு கணக்குக்கு மட்டும் விடை தெரியவில்லை. 'அவரோடது இன்னும் ஓடுது, எதுக்கு வீணா இன்னொண்ணு?' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒருநாள் எங்கள் ஸ்டாஃப் ரூமில் கேட்டுப் பார்த்தேன்.

"தனக்குன்னு புதுசா வாங்குன போன் வச்சிருக்கவங்க கை தூக்குங்க!"

ஒரே ஒரு கை உயர்ந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் குன்றாண்டார்கோவில் பக்கம் இருக்கிற எங்கள் பள்ளியில் இருந்து திரும்பும்போது, பஸ் நடுவழியில் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. என் போனில் உயிர் இல்லை. பக்கத்து சீட் அம்மாவிடம் போனை இரவல் வாங்கி அவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தெரியாத நம்பர் என்றால் மனுஷர் எடுக்கவே மாட்டார்! ஒருவழியாக அடுத்த பஸ் பிடித்து வீடு சேர்ந்தால், வாசலிலேயே கச்சேரி ஆரம்பித்துவிட்டது.

"போன் எதுக்கு வச்சிருக்க நீ? அழகுக்கா?"

அந்த அழகை எனக்குக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தோசை ஊற்றினேன்.

இந்த நிலைமையில்தான் அவருக்கு மடக்கு போன் ஆசை வந்தது. சும்மா இல்லை, ஒரு மண்டலத்துக்குக் குறையாத ஆசை. சாப்பிடும்போது யூடியூப், பல் தேய்க்கும்போது யூடியூப். கடைசியில் இரண்டு போன்களில் வந்து நின்றார். ஒன்று பெரியது, புத்தகத்தைப் போல விரிவது. இன்னொன்று சின்னது, பவுடர் டப்பாவைப் போல மடிந்து உள்ளங்கையில் அடங்குவது. கிழித்த காலண்டர் தாளின் முதுகில் கோடு போட்டு, இந்தப் பக்கம் பெரியது, அந்தப் பக்கம் சின்னது என்று எழுதி, ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது தாளை என் முன்னால் வைத்தார்.

"இங்கேரு, பெருசுன்னா வெவசாயிங்க அனுப்புற எலை போட்டோவ விரிச்சுப் பாக்கலாம். என்ன நோவுன்னு பட்டுன்னு சொல்லிரலாம். ஆனா கனம். சின்னதுன்னா சட்டப் பையில அடங்கிரும். ஆனா சார்ஜ் கம்மிங்கிறான். நீ எதச் சொல்ற?"

"நான் என்னத்தச் சொல்ல? ஒங்க போனு, நீங்க பாருங்க."

"என்ன இப்புடிச் சொல்ற! ரெண்டு வருஷம் போனா ஒனக்குத்தானே வரப்போகுது. இப்பவே ஒனக்கும் புடிச்சதாப் பாத்துக்க வேணாமா?"

கவனித்தீர்களா? கிண்டலுக்குச் சொல்லவில்லை. என் மேல் உள்ள அக்கறையில் சொன்னார்! அதுதான் சுருக்கென்று தைத்தது. கிண்டல் என்றால் பதிலுக்கு நாலு கிண்டல் பண்ணிவிட்டுப் போகலாம். அக்கறையை என்ன செய்ய?

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"இந்தத் தடவ எனக்குப் புதுசுங்க. என் சம்பளத்துல நானே வாங்கிக்கிறேன். இப்ப இருக்கிற பழசும் வேணாம், இனிமே வரப்போற பழசும் வேணாம்."

அவர் சிரித்தார். "சரி சரி, சனிக்கிழமை கடைக்குத்தானே போறோம், அங்க வச்சுப் பேசிக்குவோம்" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அவராகத் தட்டு கழுவினால், பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து நானும் இரண்டு போன்களையும் ஒப்பிட ஆரம்பித்தேன். இந்த விஷயத்தில் அந்த யூடியூப் தம்பிகளைவிட எனக்கு அனுபவம் ஜாஸ்தி. அவர்கள் ஒரு போனை ஒரு வாரம் பார்த்துவிட்டு மார்க் போடுகிறார்கள். ஒரு போன் இரண்டு வருடம் கழித்து என்ன கதிக்கு ஆளாகும் என்று பார்த்தவள் நான் அல்லவா?

அந்தக் கண்ணோடு பார்த்தால், பெரியதில் கெட்டுப்போவதற்கு இடமும் பெரியது. இரண்டிலுமே மடிகிற இடத்தில் தூசி போகக் கூடாதாம். ஜன்னலோரம் உட்கார்ந்து போனாலே தலையெல்லாம் செம்மண் படிகிற ஊரில் இருந்துகொண்டு தூசி போகாமல் பார்த்துக்கொள்வதாவது! ஆனால் சின்னதை மடித்து கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடலாம். சார்ஜ் கம்மி என்கிறார்களா? மதியத்துக்குள் கண்ணை மூடுகிற போனோடு காலம் தள்ளியவளுக்கு அதெல்லாம் ஒரு குறையே இல்லை. என் ஓட்டு சின்னதுக்கு.

சனிக்கிழமை வந்தது. ராஜவீதிப் பக்கம் பெரிய கடை. எங்களைக் கவனிக்க வந்த பெண் சுறுசுறுப்பு. ஆனால் பேசுவதெல்லாம் அவரிடம்தான்.

"இந்த மடிப்புக் கோடு வரவர அதிகமாத் தெரியுமாம்மா?" என்று நான் கேட்டேன்.

"கொஞ்சம் தெரியும் சார், பழகிரும் சார்" என்று அவரைப் பார்த்து பதில் சொன்னாள்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு தகவல் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது வல்லத்திராக்கோட்டையில், விவசாயக் குடும்பம். எதையும் தொட்டுச் சோதிக்காமல் வாங்கமாட்டார். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடிப்பார். தேங்காய் என்றால் தட்டுவார். சுரைக்காய் என்றால் நகத்தை இறக்கிப் பார்ப்பார், நகம் இறங்கினால்தான் பிஞ்சு. சந்தையில் இவர் தலையைக் கண்டாலே காய்க்காரம்மாக்கள் கூடையை மூடுவார்கள்.

அந்தப் பெண் பெரிய போனைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். உள்ளே அகலமான திரை. விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா, கண்ணாடி மெத்துமெத்துன்னு இருக்கு?"

"மடியணும்ல சார், அதான். மேல மெல்லிசா ஒரு படலம் இருக்கும். நகம் மட்டும்…"

அவள் 'படக்கூடாது' என்று முடிப்பதற்குள் நகம் இறங்கிவிட்டது.

திரையின் நடுவே பிறை போல ஒரு குழி. துடைத்தார். போகவில்லை. வேட்டி நுனியால் துடைத்தார். அது எப்படிப் போகும்? அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அவர் செய்த காரியத்துக்கு அந்தப் பிள்ளை திட்டு வாங்கப் போகிறதே என்று இருந்தது எனக்கு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவரும் ஒரு கடைக்காரர். பழியை அடுத்தவர் தலையில் போடத் தெரியாதவர். மேனேஜர் வந்ததும் அவரே முந்திக்கொண்டார்.

"பாப்பா மேல தப்பு இல்லீங்க. அது சொல்லச் சொல்ல நான்தான் நகத்த வச்சுட்டேன். என்ன செய்யணுமோ சொல்லுங்க, செஞ்சுர்றேன்."

மேனேஜர் நல்ல மனிதர். போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது காட்டுறதுக்கு வச்சிருக்க பீஸுதான் சார், விடுங்க" என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "எதுக்கு சார் அழுத்துனீங்க?" என்று கேட்டார். அதற்கு வந்த பதிலைத்தான் இந்தப் பத்தியின் முதல் பாராவில் எழுதியிருக்கிறேன்.

கடையே சிரித்தது. அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "வா, போவோம். பெருசும் வேணாம், சின்னதும் வேணாம். நம்ம கைக்கு இதெல்லாம் ஆகாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார்.

நம்ம கையா? யார் கை?

வழக்கமாக நானும் பின்னாலேயே நடந்திருப்பேன். கால் கொஞ்சம் நகரவும் செய்தது. இன்றைக்கு வெளியே போனால் அவர் இனிமேல் எந்தக் கடைக்கும் வரமாட்டார், நானும் தனியாக வரமாட்டேன், நடுவழியில் நிற்கிற பஸ்ஸில் செத்த போனோடு உட்கார்ந்திருப்பேன் என்று நன்றாகத் தெரிந்தது. நின்றுவிட்டேன்.

"ஏம்மா, அந்தச் சின்னத எடு" என்றேன்.

அந்தப் பெண் முதல் முறையாக என்னைப் பார்த்தாள்.

அவர் திரும்பி வந்து நின்றார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்! எதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர் போல. போனை நான்தான் வாங்கினேன், நான்தான் திறந்தேன். நகம் படாமல் திறந்தேன். காதில் வைத்துப் பார்த்தேன். பிறகு மூடினேன்.

'டப்'!

ஆகா… அந்தச் சத்தம் இருக்கிறதே! பேசிக்கொண்டிருக்கும்போது மூடினால் கால் கட் ஆகிவிடுமாம். என் நாத்தனார் போன் செய்தால் முக்கால் மணி நேரம். 'சரி, வைக்கட்டா?' என்று நான் பதினேழு முறை கேட்பேன். இனி 'வச்சுர்றேன்' என்று ஒரு வார்த்தை, ஒரு டப். இதை எந்த யூடியூப் தம்பியாவது சொன்னானா?

"இதையே போட்ருங்க."

"எனக்கா?" என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

"எனக்குங்க."

"அப்ப எனக்கு?"

"ஒங்களுக்குத்தான் கையில நல்லா ஓடுற போன் ஒண்ணு இருக்கே!"

பில் போடும் இடத்தில், "சார் பேரு சொல்லுங்க" என்றார்கள். என் பேரைச் சொன்னேன். அவர் பேரைத் தட்ட விரல் தயாராக இருந்ததோ என்னவோ, இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது. கார்டை நீட்டினேன். விலை எவ்வளவு என்று எழுதமாட்டேன். என் மாமியார் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறார்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், உள்ளே ஒன்றுமே இல்லை. இதுவரை என் கைக்கு வந்த போன் ஒவ்வொன்றிலும் ஏற்கனவே யாரோ குடியிருந்தார்கள். அவருடைய யூரியா மூட்டை போட்டோ, நெல் வியாபாரிகள் நம்பர், அதிகாலையில் அடிக்கிற வாக்கிங் அலாரம்… அந்த அலாரத்துக்கு அவர் ஒருநாளும் எழுந்ததில்லை, நான்தான் எழுந்தேன். இதில் ஒரு போட்டோ கிடையாது. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல், என்னையே எடுத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ரொம்ப, ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஐம்பதை நெருங்குகிற வயதில் ஒரு போனுக்காக இப்படி ஒரு சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் போன் கைக்குக் கை போனது. ஆளுக்கு நாலு தரம் டப் டப்பென்று மூடிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "சார் வாங்கிக் குடுத்தாரா டீச்சர்?"

"நானேதான் வாங்குனேன்."

"அட, சும்மா சொல்லாதீங்க டீச்சர்!"

பஸ்ஸில் தினமும் பார்க்கிற கண்டக்டரும் அதையே கேட்டார். மாமியார் ஊரில் இருந்து போன் செய்து, "எம் மவன் ஒனக்கு மடக்குற போனு வாங்கிக் குடுத்தானாமே!" என்றார். எத்தனை பேருக்கு விளக்கம் சொல்வது? சொல்லச் சொல்ல, என்னவோ எனக்கு அடக்கம் அதிகம் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

புதன்கிழமை பள்ளி விட்டு வரும் வழியில் அவர் கடைக்குப் போனேன். உள்ளே ஒரு விவசாயி மருந்து வாங்கிக்கொண்டு நின்றார். நான் வாசல் பக்கம் மூட்டை அடுக்குக்குப் பின்னால் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

"டீச்சர் மடக்குற போனு வச்சிருக்காங்களாம்ல? பஸ்ஸுல எங்க வீட்டுல பாத்துட்டு வந்து ஒரே பேச்சு" என்றார் அந்த விவசாயி.

"ஆமாண்ணே" என்றது எனக்குத் தெரிந்த குரல். "வீட்டுல ஆசப்பட்டுருச்சு. நமக்கென்ன இருக்கு, அவங்க சந்தோஷந்தானே முக்கியம்? எடுத்துக் குடுத்துட்டேன்!"

முன்னால் வந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். உடனே பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். அந்த அண்ணன் என்னைப் பார்த்து, "குடுத்து வச்சவங்க டீச்சர் நீங்க" என்றார். சிரித்து வைத்தேன். என்ன இருந்தாலும் கட்டிய புருஷன். நாலு பேர் வந்து போகிற கடையில், வாடிக்கையாளர் முன்னால் அவர் மானத்தை வாங்கலாமா?

அதனால்தான் பத்திரிகையில் எழுதுகிறேன் — வாங்கியது நான்!