இரண்டாவது தடவை கேட்க மாட்டார்கள்

ஜெர்மன் படிக்கிற தொழிலில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது; பயம் மட்டும் தினமும் உண்டு. புருஷன் அங்கே, நாம் இங்கே, நடுவில் ஒரு பரீட்சை என்று உட்கார்ந்திருக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நானும் மகளும் அவரிடம் போய்ச் சேர, ஆரம்பநிலை ஜெர்மன் பரீட்சையில் நான் பாஸாக வேண்டும். கான்வென்ட்டில் படித்தவள், ஊதித் தள்ளிவிடுவாள் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். எனக்குத்தான் நம்பிக்கை இல்லை.

சார்ஜ்

மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். அவளுக்கு அப்பா என்றால் என் செல்போன்தான். ஸ்கிரீனில் இட்லியை அப்பி ஊட்டிவிடுவாள். ஒருநாள் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிட்டது. பரீட்சையில் தோற்றால் இவள் இப்படியே வளர்ந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் அழவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு என் மாமியாரிடம் ஓடினாள்.

"ஆச்சி, அப்பாவுக்கு சார்ஜ் போயிருச்சு. சொருகு."

அட்வான்ஸ் வாழ்த்து

என் வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள் வந்தது. நம் வழக்கப்படி முந்தின நாளே வீடியோ காலில் அட்வான்ஸ் வாழ்த்து சொன்னேன். அதுவும் ஜெர்மனில், சத்தமாக. பக்கத்தில் நின்ற அவருடைய ஜெர்மன்கார நண்பர் பதறிக் கையை ஆட்டினார். முன்கூட்டி வாழ்த்தினால் கெட்டது நடக்கும் என்பார்களாம் அங்கே.

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நிற்பது பெரிய பெரிய மிஷின்களுக்கு நடுவில். மறுநாள் ஷிப்ட் முடிந்து அவர் கூப்பிடும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"அந்த ஊருல சுத்திப்போட மொளகா வத்தல் கிடைக்குமா, இல்ல பார்சல்ல அனுப்பவா?"

பால்கோவா

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து ராஜபாளையத்தில் வகுப்புக்குப் போய்வந்தேன். ஒருநாள் சார் ஜெர்மன் வீட்டுக்காரம்மாவாக நடித்தார். நான் விருந்தாளி. தட்டை நீட்டி, "சாப்பிடுகிறீர்களா?" என்று ஜெர்மனில் கேட்டார். "நைன், டாங்கே" என்றேன். வேண்டாம், நன்றி. போன இடத்தில் உடனே கைநீட்டக் கூடாது என்று பள்ளியில் சிஸ்டரும் வீட்டில் அம்மாவும் அடித்துச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவார், மூன்றாவதில் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். சார் தட்டை அந்தப் பக்கம் நகர்த்தி, தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உங்க ஊர் பால்கோவாதாம்மா, நல்லாருக்கு. அங்க வேண்டாம்னா வேண்டாம்தான். ரெண்டாவது தடவை கேக்க மாட்டாங்க."

தண்ணீர்

பரீட்சை சென்னையில். கடைசியாகப் பேச்சுத் தேர்வு. பக்கத்தில் என்னோடு சேர்ந்து எழுத வந்த ஒரு பெண், எதிரே தேர்வாளர், ஒரு ஜெர்மன் அம்மா. நான் உட்கார்ந்ததும், "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டார். தொண்டை காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "நைன், டாங்கே." அவர் பாட்டிலை மூடிவிட்டார்.

பெயர் சொன்னேன், ஊர் சொன்னேன். பாதியில் குரல் கம்மிக் காற்றாக வந்தது. போச்சு, என் மகள் இனி செல்போனுக்கே இட்லி ஊட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து, ஒரு சீட்டை எடுத்து அதிலிருக்கும் படத்தைக் காட்டி பக்கத்துப் பெண்ணிடம் அந்தப் பொருளைக் கேட்க வேண்டும். என் சீட்டில் ஒரு தண்ணீர் டம்ளர். பக்கத்துப் பெண்ணை மறந்தேன். தேர்வாளரையே பார்த்து, கைகூப்பாத குறையாக, ஒரு டம்ளர் தண்ணீர் தாருங்கள் என்று ஜெர்மனில் கேட்டேன். அவர் ஊற்றிக் கொடுத்தார். மடமடவென்று குடித்து முடித்தேன். அதன்பிறகு குரல் வந்தது. ஆச்சரியமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"வேண்டாம் என்று சொன்னீர்களே?"

யா

பாஸ். ரிசல்ட்டைப் போனில் அவருக்குச் சொன்னேன். அத்தை தனியாக இருப்பார்களே, அங்கே குளிரில் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று எனக்கு அதற்குள் அடுத்த பயம் ஆரம்பித்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏட்டி, பயமா இருக்கா?"

"இல்லைங்க" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "யா" என்றேன். ஆமாம் என்று. இத்தனை மாதம் படித்த ஜெர்மனில் எனக்கு உருப்படியாக வந்தது அந்த ஒரு சொல்தான்.