இரவல் பானில் ஒரு பொங்கல் கச்சேரி

எண்பதுகளில் ஆக்லாந்தில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் கொஞ்சப் பேர்தான். ஆள் குறைவென்றால் கண்ணும் குறைவென்று நினைக்கக் கூடாது. ஒருத்தி ஒடாஹுஹுக் கடையில் என்ன வாங்கினாள் என்பது அவள் வீடு போய்ச் சேருமுன் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில்தான் நான் ஸ்டீல் பான் வாசிக்கக் கிளம்பினேன்.

எண்ணெய்ப் பீப்பாயின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் குழித்து, அந்தக் குழிக்குள் சுரத்துக்கு ஒரு மேடாகத் தட்டியெடுத்த வாத்தியம் அது. ரப்பர் சுற்றிய இரண்டு குச்சிகளால் தட்ட வேண்டும். நான் போய்ச் சேர்ந்த பான் குழுவை நடத்தியவர் ஒரு டிரினிடாட்காரர். கப்பலில் வந்து, இங்கேயே கல்யாணம் முடித்து, பென்ரோஸில் வெல்டிங் வேலை பார்த்தார். அவர் ஊரிலும் ஒரு காலத்தில் ரவுடிகள்தான் பான் வாசிப்பார்கள் என்று பேச்சாம். குச்சியைத் தொட்டாலே தாய் அடிப்பாராம். எனக்கான பான் அவர் கையால் செய்தது.

வீணை படித்தவள் பீப்பாய் தட்டுவது என் கணவருக்குப் பிடிக்கவில்லை. பொங்கல் விழாவில் வாசிக்க அவரிடம் அனுமதி கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டார்.

“எங்கட சனம் சிரிச்சால் அண்டையோட உந்தப் பீப்பாயை விட்டுடவேணும், சரியோ?”

“ஓம்” என்றேன். மோகனத்தில் ஒரு கீர்த்தனையைக் கண்ணை மூடிக்கொண்டே வாசிப்பேன். அவ்வளவு திமிர்.

விழாவன்று வேனிலிருந்து இறக்கும்போது என் பான் கை நழுவி விழுந்தது. நடு ஷட்ஜம் செத்துப்போயிற்று. டிரினிடாட்காரர் தன்னுடையதைத் தூக்கிவந்தார். ஆனால் பானில் சுரங்கள் உட்காரும் இடம் செய்கிறவருக்குச் செய்கிறவர் மாறும். “இது எங்கள் ஊரில் வேறொருவர் செய்தது. இடமெல்லாம் வேறு. நானே வாசிக்கட்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேடையில் என்னைக் கூப்பிட்டாயிற்று. பார்த்துப் பார்த்து வாசித்துவிடலாம் என்று, ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

முதல் வரி மெதுவானது, தப்பினேன். வேகம் பிடித்ததும் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பழகிய இடங்களுக்கே ஓடியது. காந்தாரம் இருக்குமென்று தட்டிய இடத்தில் வேறென்னவோ கத்தியது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களை அதட்டத் திரும்பிய பெரியவர்களும் சிரித்தார்கள். பாதியில் நிறுத்திக் கும்பிட்டேன். காதெல்லாம் எரிந்தது. மேடைப் படியில் இறங்கினேன்.

கீழே விழாச் செயலாளர் என் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன, உங்கட மனிசி வீணையை விட்டுட்டுத் தகரம் அடிக்கத் தொடங்கிட்டாவோ?”

“நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான். அந்த வெல்டர் இவவை நல்லாப் பேய்க்காட்டிப்போட்டான்” என்றார் கணவர், சத்தமாக, என் பக்கத்தில் நின்ற டிரினிடாட்காரரைக் கையால் காட்டி.

தடுமாறியது நான், ஏமாற்றினான் என்ற பழி அந்த மனிதருக்கு. மேடையில் பட்ட வெட்கம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை.

“உங்கள் கணவர் என்னைப் பற்றி என்ன சொல்கிறார்?” என்று டிரினிடாட்காரர் கேட்டார்.

“பான் தந்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறார்” என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நேரே போய், என் கணவரின் கையை இரு கையாலும் பற்றினார். “பானுக்காக என் தாய்கூட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை ஐயா. நீங்கள் சொல்லிவிட்டீர்கள். தப்பு என்னுடையது, இந்தப் பானை உங்கள் மனைவிக்குக் கொடுத்திருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு அனுப்புவீர்கள்தானே?”

கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். செயலாளர் எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“யெஸ், யெஸ்” என்றார் கணவர்.

செவ்வாய்க்கிழமை அவரே காரில் கூட்டிப்போனார். ஒத்திகை மண்டபத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

“அந்த மனிசன் இண்டைக்கும் கை குடுப்பாரோ?”

“குடுப்பார்.”

“அப்ப நீர் போம். நான் இதிலையே இருக்கிறன்.”